தங்கைக்குச் சொல்லாத தோட்டம்

மகள் வேலை செய்த தோட்டத்தின் வைன், டவுன்டவுனில் என் அலுவலகத்துக்குக் கீழே உள்ள மதுக்கடையிலும் இருக்கிறது. கிரெனாஷ், சிரா, கரின்யான் என்று மூன்று திராட்சைகளைக் கலந்து செய்த சிவப்பு வைன். மலிவானதுதான்.

"இது படம் காட்டுற வைன் இல்லை அப்பா," என்றாள் ஒருமுறை தொலைபேசியில். "கொஞ்சம் குளிரவைச்சு பீட்சாவோட குடிக்கலாம். கலியாண மண்டபத்தில கார் டிக்கிக்குப் பின்னால நிண்டு நீங்கள் குடிக்கிற சாமானைவிடத் திறம்."

இங்கே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் விவசாயம் படித்து முடித்தவள், அறுவடைக்காக மூன்று மாதம் கடல் தாண்டித் தென் பிரான்சுக்குப் போயிருந்தாள். கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்னத் தோட்டம் அது. மூன்று பழமும் வேறுவேறு நாளில் பழுக்கும். தனித்தனியாகப் பறித்து, ஆள் இறங்கக்கூடிய தனித்தனித் தாங்கிகளில் புளிக்கவைத்து, பிறகுதான் கலப்பார்கள்.

பாரிசில் இருக்கும் என் தங்கையிடம் மகள் மண் ஆராய்ச்சிக்கு வந்திருப்பதாகச் சொல்லியிருந்தேன். குமர்ப்பிள்ளை வைன் காய்ச்சப் போய்விட்டாள் என்று சொந்தத்துக்குள் கதை பரவும் என்ற பயம். "மாமிக்கு மூச்சும் விடாதை" என்று மகளுக்கும் சொல்லிவைத்தேன்.

புளித்த வைனை வடித்தபின் தாங்கியின் அடியில் தோலும் விதையுமாகச் சக்கை கிடக்கும். ஒருவர் உள்ளே இறங்கிச் சவளால் அள்ளவேண்டும். புளிக்கும்போது வரும் காபனீரொட்சைட்டு, மூச்சை அடைக்கும் வாயு, அங்கே தேங்கி நிற்பதால், விசிறி போட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திய பிறகே இறங்குவார்கள். ஒருநாள் மகளின் கையிலிருந்து சவள் தவறி உள்ளே விழுந்துவிட்டது. எட்டி எடுக்கத் தலையை மட்டும்தான் நுழைத்தாள். மயங்கி உள்ளே விழுந்து தலையில் அடிபட்டது.

தோட்டத்தை நடத்தும் பெண்மணி என்னை அழைத்தபோது இங்கே காலை பத்து மணி, அங்கே பின்னேரம் நான்கு. இழுத்தெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை என்றார். வீட்டுக்கு ஓடிவந்து விமானம் தேடினேன். மறுநாள்தான் இடம் இருந்தது.

"உங்கட தங்கச்சிக்கு எடுங்கோ," என்றாள் மனைவி. "இப்ப ரயிலேறினா இரவுக்குள்ள போய்ச் சேர்ந்திடுவா."

"என்னெண்டு சொல்லுறது?"

"பிள்ளை மயங்கிக் கிடக்கிறாள் எண்டு சொல்லுறது. வேற என்ன?"

"டொக்டர் எடுக்கட்டும். பேந்து பாப்பம்."

ஐந்து மணித்தியாலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். தங்கையிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி போனைப் பறித்து இரண்டு வசனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"கடைசி ரயில் போயிட்டுது மச்சாள். விடிய முதல் ரயிலில வெளிக்கிடுறன்."

அதற்குள் மகள் விழித்துவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. பிரான்சில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா, கூப்பிடட்டுமா என்று தாதி கேட்டாளாம். ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, விடியும்வரை தனியே கிடந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பல வாரங்களுக்குப் பிறகுதான் இதைச் சொன்னாள்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"மாமிக்குத் தெரியக்கூடாது எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த வருட அறுவடைக்கும் போகிறாள். தோட்டத்துக்கு அனுப்பும் படிவத்தை மேசையில் வைத்திருந்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்களில் முதலாவது மாமி, இரண்டாவது அம்மா. மூன்றாவதற்கு அதில் இடம் இல்லை.