மரியாதைக்குச் சொன்ன ஓகே

நான் போட்ட மதிப்பீட்டை அக்கா படித்துக்கூடப் பார்க்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தன் டீ கிளாஸை வைத்தார். "ஆளப் பாத்தீங்களா, புலவரே?" என்றார். ஆளை எங்கே பார்த்தேன்? மருத்துவ அறிக்கையைத்தான் பார்த்திருந்தேன், அதுவும் இரண்டு முறை.

மலாக்காவின் அலோர் காஜாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது எங்கள் வக்கீல் அலுவலகம். விபத்தில் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸிலிருந்து எவ்வளவு கேட்கலாம் என்று தோராயக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதற்கு எலும்பு வாரியாகத் தொகை போட்ட வழிகாட்டி உண்டு. விலா இவ்வளவு, முழங்கை இவ்வளவு என்று கறிக்கடை விலைப்பலகை மாதிரி இருக்கும். நாலு நாவல் படித்தவன் என்ற குற்றத்துக்காக அக்கா எனக்குப் புலவர் பட்டம் கொடுத்திருந்தார். அவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா, ஊர்ப் பேச்சில் கிராணி. வருகிறவர்களுக்குக் கிராணியம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று வக்கீல்களைப் பழக்கி எடுத்தவர். மின்விசிறியின் வேகத்தை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பொய்க்காரர்களை அவருக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். அக்கா தலை நிமிராமல், "இன்னிக்கு எந்தக் கால் தம்பி? போன வாரம் இடது லா" என்றார். ஆனால் அவருடைய உண்மையான திறமை அதுவல்ல என்பது, என் கணக்கு டீ கிளாஸுக்கு அடியில் போன அன்றுதான் எனக்கு விளங்கியது.

அன்றைய வழக்குக்காரர் செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். சந்திலிருந்து திரும்பிய கார் அவர் மோட்டார் சைக்கிளை இடித்து, வலது முழங்கை நொறுங்கி, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, லேசான விறைப்பு, நோயாளிக்குக் குறை எதுவும் இல்லை என்றது அறிக்கை. இன்சூரன்ஸ் தருவதாகச் சொன்ன தொகையும் என் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வெண்பாவில் தளை தட்டாமல் போன மாதிரி எனக்கு ஒரு பெருமிதம். அன்று அவர் மனைவியோடு கையெழுத்துப் போட வந்திருந்தார். இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம். பணம் உடனே வேண்டும்.

அக்கா சம்மதக் கடிதத்தை நீட்டவில்லை. வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. ஊர்க்கதை பேசுகிற தொனியில் தொடங்கினார்.

"போன வாரம் உங்க எஸ்டேட்ல கல்யாணமாமே. சாப்பாடு எப்படி?"

"நான் சாப்புடல கிராணியம்மா. விரதம்."

"அதுக்கு முந்தி ஒரு காதுகுத்து இருந்துச்சே?"

"அன்னிக்கும் விரதம்."

"எந்தச் சாமிக்கு தம்பி, விருந்து பாத்து விரதம்?"

மனைவிதான் பேசினார். "சாமியுமில்ல ஒன்னுமில்லக்கா. கை மடங்க மாட்டேங்குது. சோத்த எடுத்தா வாய்க்கு வரல. வீட்டுல பின்னால போயி இடக்கையில கரண்டி புடிச்சுத் திங்கிறாரு, பிள்ளைங்க பாக்கக் கூடாதுன்னு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று கட்டுரைகளில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அது ஒரு மனிதனின் அன்றாடச் சாப்பாடாக என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நானோ அதற்கு 'லேசான விறைப்பு' என்று விலை போட்டிருந்தேன்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அக்கா.

"அவரு சிரிச்ச முகமா ஓகேயான்னு கேட்டாரு. பெரிய மனுசன் கேக்குறப்ப ஓகே இல்லன்னு எப்படிச் சொல்றது? ஓகே லா டாக்டர்னேன்."

நம்மவர்களின் இந்த ஓகேவை எந்த வழிகாட்டியும் கணக்கில் சேர்ப்பதில்லை. நலமா என்று கேட்டால் நலம் என்பது நமக்குப் பதில் அல்ல, பதில் வணக்கம். அது அறிக்கையில் ஏறியதும் சாட்சியமாகிவிடுகிறது. இப்போது கைப்பேசியிலேயே எலும்பைத் தட்டினால் தொகை வருகிறது. எங்கள் இளம் வக்கீல் நொடியில் சொல்லிவிடுகிறார். ஓய்வுபெற்றுவிட்ட அக்காவுக்கு அந்நாளில் அரைமணி நேரம் ஆகும். யார் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறார்கள், எந்த வேலையை இப்போது மனைவி செய்கிறாள், எங்கே போவதை நிறுத்திவிட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மதிப்பீடு அங்கேதான் நடந்தது. நான் செய்தது கூட்டல்.

"கையப் பத்தி அப்புறம் பாக்கலாம் கிராணியம்மா. மக கல்யாணம்" என்றார் அவர், சற்றுக் கோபமாகவே.

"அப்புறம்னு ஒன்னு கெடையாது தம்பி. இதுல கையெழுத்துப் போட்டா ஃபைல மூடிருவாங்க. பொறகு ஒரு காசு கேக்க முடியாது. மண்டபத்த விட்டுட்டுக் கோயில் ஹால்ல வைங்க. எனக்கு ரெண்டு மாசம் குடுங்க."

ஜெயிக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. உள்ளதும் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் பயந்தேன். கணவனும் மனைவியும் படிக்கட்டில் நின்று வெகுநேரம் தாழ்ந்த குரலில் வாதாடினார்கள். பிறகு கையெழுத்துப் போடாமலே போனார்கள்.

அடுத்த மாதம் மலாக்கா டவுனில் வேறொரு நிபுணரிடம் அக்காவே அழைத்துப்போனார். நான் கார் ஓட்டினேன். எனக்குப் பொருத்தமான பணி. வழியெல்லாம் அவருக்கு ஒரே பாடம். "டாக்டர்கிட்ட பொய் சொல்லாத தம்பி. மரியாதைக்காகவும் பொய் சொல்லாத." அறைக்குள் அந்த மனிதர் இரண்டு முறை ஓகே என்று ஆரம்பித்து நிறுத்தினார். மூன்றாவது முறை, சுவரைப் பார்த்துக்கொண்டு, சோறு வாய்க்கு வரவில்லை என்று சொன்னார். மருத்துவர் கோணம் அளந்தார். இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய மருத்துவரும் பிறகு அதையே அளந்தார். குலை வெட்டும் வேலைக்கு இனித் திரும்ப முடியாது என்பதும் எழுத்தில் ஏறியது. முதலில் சொன்னதைப்போல மூன்று மடங்குக்குப் பேசி முடித்தார்கள். ஆனால் அது கல்யாணம் முடிந்து வெகுநாள் கழித்து வந்த பணம்.

கல்யாணம் கடன் வாங்கிக் கோயில் ஹாலில்தான் நடந்தது. அக்காவும் நானும் போயிருந்தோம். சொந்த மகள் கல்யாணத்தில் விரதம் என்று யாரிடம் சொல்ல முடியும்? சம்பந்தி அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். இலையில் சோறு விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் நான் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தேன்.

"சம்பந்தி, எனக்குச் சோத்துக்கை வாய்க்கு வராது" என்றார் அவர், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஒரு கரண்டி கொண்டாரச் சொல்லுங்க."

"அட, இதுக்கென்ன லா!" என்று சம்பந்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிமிரவேயில்லை. ரசம் கொண்டுவந்த பையனைத் தடுத்து, சாம்பாரே இன்னும் முடியவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.