மூஞ்சி தெரிந்த தகடு

என் தங்கையின் கணவர் ஒரு நாளில் பேசும் பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெல்டிங் பட்டறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். லேசர் கதிர் எஃகுத் தகட்டில் பட்டால் சூடு எப்படிப் பரவும், எவ்வளவு ஆழம் உருகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. திரையில் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருப்பார். ஒரு கட்டத்துச் சூடு அடுத்த கட்டத்துக்குப் போகும்; சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் நீலமாகும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த நிறங்கள் மட்டும் புரியும். அதே பட்டறையில் சோதனைத் தகடுகளைத் துடைத்துக் கொடுப்பவன் நான்.

அந்த மூன்று மாதம் அவருக்குப் போதாத காலம். ஒரு மில்லிமீட்டர் உருகும் என்று கணினி சொல்லும். வெல்டிங் செய்த தகட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் முக்கால்தான் இருக்கும். எண்ணை மாற்றுவார். அடுத்த தகட்டில் அது அரையாகிவிடும்.

"பொம்மைப் படம் ஓடி முடிஞ்சுதா?" என்று மேலாளர் போகிற போக்கில் கேட்பார். கடைசியில் சொல்லியே விட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்கு ஒத்து வரலன்னா கம்ப்யூட்டரை மூடிட்டு, பழையபடி வெல்டிங் டார்ச்சைப் பிடிங்க."

"அண்ணா, தட்டு முன்னாடி உக்காந்திருக்கார், கை வாய்க்குப் போகவே மாட்டேங்குது. நீயாவது கடவுள்கிட்ட சொல்லு" என்றாள் தங்கை.

சொன்னேன். தகடு துடைக்கும்போதே பிரார்த்திப்பது என் வழக்கம். ஒரு தகட்டுக்கு ஒரு பிரார்த்தனை. அது முடியும்வரை கை நிற்காது. அவர் கவலை கூடக்கூட என் பிரார்த்தனையும் நீண்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் மெருகேற்றி, மறுபடியும் தேய்த்தேன்.

வியாழக்கிழமை அவரே நான் தகடு துடைக்கும் அறைக்கு வந்தார். ஒரு தகட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், இதுல என் மூஞ்சி தெரியுது."

"நல்லா தெரியுதா மாப்பிள்ளை? உங்களுக்காக அரை மணி நேரம் தேய்ச்சேன்."

"எல்லாத் தகட்டையும் இப்படித்தானா?"

"முதல்ல இவ்வளவு இல்ல. உங்க முகம் வாட வாட, கொஞ்சம் கூட்டினேன்."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பளபளன்னு இருந்தா பாதி வெளிச்சம் திரும்பிப் போயிடும் மச்சான். அப்புறம் சூடு எங்க உள்ள இறங்கும்? வேலைக்கு வர்ற தகடெல்லாம் மங்கல்தானே. அதை வச்சுத்தான் கணக்கே போட்டிருக்கேன்."

நல்லது நினைத்துத் தேய்த்த கை அவர் பிழைப்பையே தேய்த்திருக்கிறது.

"நாலு வார்த்தை திட்டிடுங்க மாப்பிள்ளை."

"திட்ட நேரமில்ல. வந்தபடியே ஒரு தகடு குடுங்க. எண்ணெயை மட்டும் துடைங்க, தேய்க்காதீங்க." வாசல்வரை போய்த் திரும்பினார். "இனிமே கையைக் கட்டிக்கிட்டு வேண்டிக்கோங்க."

வெள்ளிக்கிழமை அறுத்துப் பார்த்தோம். முதன்முதலில் அவர் போட்ட கணக்கு சொன்ன அதே ஒரு மில்லிமீட்டர், மயிரிழை குறைவு. மேலாளர் குனிந்து பார்த்துவிட்டு, "இதை மூணு மாசம் முன்னாடியே செஞ்சிருக்கலாமே" என்று சொல்லிப் போனார். மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நோட்டைத் திறந்து, மாற்றி மாற்றி எழுதிய எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். பேனா காகிதத்தைக் கிழித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.