நாய்க்குப் பெருங்காயம் பூசிய ஞாயிறு

அண்ணாவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பேச்சு மட்டும் இல்லை. காரணம் கேட்பவர்களிடம் சொத்துத் தகராறு என்று சொல்லிவிடுகிறேன். நாயால் வந்த சண்டை என்றால் சிரிப்பார்கள். சிரிப்பவர்களை அறைய வேண்டும் போலிருக்கும்.

வங்காளத்து டாலிகஞ்சில் அண்ணாவுக்கு டிபன் கடை, மாடியில் வீடு. எனக்கு வங்கியில் வேலை. நாய் ஜெர்மன் ஷெப்பர்ட். வாங்கி வந்தது அவர். குளிப்பாட்டியதும் ஊசிக்கு அழைத்துப்போனதும் நான். நாலு பேர் பார்க்கும்போது மட்டும் அது அவருடைய நாய்.

பெஹாலாவில் இருந்த கால்நடை டாக்டர் முதல் நாளே சொன்னார். மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். சாப்பாட்டை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது. வயிறு உப்பி, குமட்டியும் வாந்தி வராமல் தவித்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். இதை வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தேன்.

"நாய்க்கு டயட் சார்ட்டா? நன்னாயிருக்கு போ" என்றார் அண்ணா.

காலை வியாபாரம் முடிந்ததும் மிஞ்சிய பொங்கலை ஒரு பேசின் நிறையக் கொட்டுவார். அது மூச்சுவிடாமல் விழுங்கும். "சமத்து!" என்று முதுகில் தட்டுவார். மிச்சத்தை எறிய மனசு வராத கடைக்காரருக்கு அது ஒரு வாலாட்டும் குப்பைத்தொட்டி. நான் கொடூரமாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பேசின் காலியானது. உடனே கீழே மைதானத்துக்கு இழுத்துப்போய், காலனிக்காரர்கள் கைதட்ட, அரைமணி நேரம் பந்து எறிந்தார். மேலே வந்த நாய் படுக்கவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்தை நீட்டிக் குமட்டியது. நுரை மட்டும் வந்தது. விலாவுக்குப் பின்னால் தொட்டேன். மத்தளம்போல் விறைத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், அண்ணா."

"வெறும் வாயுடி. பெருங்காயத்தைக் கரைச்சுத் தொப்புளைச் சுத்திப் பூசு. குழந்தைகளுக்கெல்லாம் கேக்கலையா?"

எதிர்வீட்டுப் பௌதி, அந்த ஊர்ப் பேச்சில் அண்ணி, எட்டிப் பார்த்தார். "கேஸ் ஹோயேச்சே" என்று, கேஸ்தான் ஆகியிருக்கிறது என வங்காளியில் தீர்ப்புச் சொல்லி, தன் வீட்டு ஜெலுசில் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார். உலகத்து நோயெல்லாம் கேஸ் என்று நம்பும் ஊரில், எல்லாமே வாயு என்று நம்பும் குடும்பம். அண்ணாவும் பௌதியும் தலையாட்டி ஒத்துப்போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் மன்னி கரைத்துக் கொடுத்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டவள் நான்தான். அண்ணா சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் முணுமுணுப்பதே என் வழக்கம். நாயின் வயிற்று ரோமத்தை விலக்கி, எங்கே தொப்புள் என்று தேடி, நாற்பது நிமிடம் பூசினேன். அது என் கையை நக்கிக்கொண்டே நடுங்கியது. ஈறு வெளுத்த பிறகுதான் கிண்ணத்தை வீசினேன்.

வாடகைக் கார்க்காரர் நாயைப் பார்த்ததும் போய்விட்டார். அண்ணாவும் நானும் ஆட்டோவில் அதை மடியில் கிடத்திப் பெஹாலா போனோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்; இறங்கவில்லை. அறுத்துப் பார்த்தபோது இரைப்பை முறுக்கிக் கறுத்திருந்தது. மேசையிலேயே உயிர் போய்விட்டது. வீங்கியவுடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். வயிற்றை முகர்ந்து, இது என்ன வாசனை என்றும் கேட்டார். அண்ணா சுவரைப் பார்த்தார்.

மறுநாளே கடையில் வருகிறவர்களிடம், "வாயு நெஞ்சுக்கு ஏறிடுத்து, என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் படியில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "நீதான் கொன்னே" என்று கத்தினேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கோபம்கூட இல்லை.

"எனக்குத் தெரியாது, சரி. டாக்டர் சொன்னதெல்லாம் உனக்குத் தெரியுமே. அப்புறம் ஏன் உக்காந்து பூசிண்டிருந்தே?"

பொங்கலைக்கூட மன்னித்திருப்பேன். அந்தக் கேள்வியை மன்னிக்க முடியவில்லை.