மலரக்கா தேடிய பாட்டு

மலரக்கா காலமான செய்தி எனக்கு வேலையிடத்தில் வந்தது. சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் பதினாறு ஆண்டுகள் அவர் ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்துப் படுக்கை விரிப்புகளை மடித்தோம். அன்று அவருடைய முனையை வேறொருவர் பிடித்திருந்தார். அந்த அப்பாவிப் பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது.

என் அம்மா சமைக்கும்போது இரண்டு வரி முணுமுணுப்பார்:

வெள்ளி முளைக்கையிலை வெளிக்கிட்ட என் கிளியே,
விளக்கு வைக்க முன்னம் வீடு வந்து சேருவியோ.

அம்மா போனபின் அவ்வளவுதான் மிஞ்சியது. மகள் கிண்டர்கார்டன் போன காலத்தில் தினமும் இதைப் பாடித்தான் வழியனுப்பினேன். வளர்ந்தபின் அவள் மீதியைக் கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"சொந்தக்காரரைக் கேக்கிறதுக்கென்ன? வாயிலை கொழுக்கட்டையோ?" என்றார் இதைக் கேட்ட மலரக்கா. என் உறவினர்களின் எண்களை வாங்கி, இடைவேளைகளில் அவரே லண்டனுக்கும் பாரிசுக்கும் பேசினார். கடைசியில் டொரோண்டோவில் என் பெரியம்மா அகப்பட்டார்.

"முழுக்கத் தெரியும். ஆனா பாடமாட்டன். அது ஒப்பாரி, பிள்ளை. செத்தவீடில்லாமல் வாயாலை எடுக்கக்கூடாது."

ஒப்பாரி பாடியா என் பிள்ளையைத் தினமும் வழியனுப்பினேன்! மலரக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து, "பிள்ளை நல்லாத்தானே வளந்திருக்கிறாள், விடு" என்றார்.

அவர் விடவில்லை. ஞாயிறுதோறும் பெரியம்மாவை அழைத்து, "ஒரு வரியெண்டாலும் சொல்லுங்கோ" என்று கெஞ்சுவார். பெரியம்மா அசையவில்லை. முழங்கால் வலி, ரசம், மருமகள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். நேரில் பார்க்காமலே இருவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

மலரக்கா இறந்த அன்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். "பேப்பர் எடு. இப்ப பாடலாம்" என்றார். பாதியில் குரல் உடைந்து, மறுபடி தொடங்கினார்:

வைச்ச சோறு ஆறுதடி, வாசல் வெறிச்சிருக்கு,
பிச்சிப்பூ வாடுதடி, பின்னல் முடிக்க வாராயோ.

இன்னும் எட்டு வரிகள். தகனச்சாலையில் எங்களுக்குத் தந்திருந்த முக்கால் மணி நேரத்துக்குள் அதை நான் பாடினேன். சுவிஸ் ஊழியர் கதவருகே தலைகுனிந்து நின்றார். இன்று மலரக்காவை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள்.

மலரக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தப் பாட்டு. வீட்டுக்கு வந்ததும் மகள், "இன்னொருக்காப் பாடுங்கோ அம்மா" என்றாள். மாட்டேன் என்றேன். முழுவதையும் எழுதி அவள் கையில் கொடுத்தேன். எனக்கு இதைப் பாடவேண்டியவள் அவள்தானே.