மண் படாத முதுகு

மருமகள் அம்பாங்கானிலிருந்து வாங்கி வந்த செம்பனை எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததுமே வாடை பொறுக்காமல் மூடச் சொன்னேன். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கோலா சாவா பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் நல்லெண்ணெய் ஏது? ஞாயிறுதோறும் அண்ணனின் உடம்பில் இந்தக் காறல் எண்ணெயைத்தான் நான் தேய்த்துவிட வேண்டும். அவன் வியர்வையும் எண்ணெயும் விரலிடுக்கில் பிசுபிசுக்க, கழுவச் சவுக்காரம் இல்லாமல், அந்தக் கையாலேயே மரவள்ளிக்கிழங்கைத் தின்ன வேண்டும்.

எங்களுடையது பயில்வான் குடும்பம். குஸ்திப் பைத்தியமான ஜப்பான் அதிகாரி ஒருவன், ஜெயித்தவனுக்கு ஒரு மூட்டை அரிசி, முதுகு மண்ணில் பட்டுத் தோற்றவனுக்கு ஒரு கொட்டாங்குச்சி சோறு என்று அறிவித்ததிலிருந்து அண்ணனின் பெயர் மந்தின் ஊர் வரைக்கும் ஏறியது. லயத்து ஆட்கள் வரிசையில் நின்று அவனிடம் தோற்றார்கள். விலா எலும்பு துருத்திய, கால் வீங்கிய பால்மரம் வெட்டும் ஆட்களை அவன் தொடை தட்டித் தூக்கிப் போடுவதும், “நம்ம வம்சத்து ரத்தம்டா!” என்று அப்பா கத்துவதும், மூட்டைமேல் காலை வைத்து அவன் மீசையை முறுக்குவதும்... சீ! அந்த அரிசியும் அவன் உடம்புக்குத்தான், எங்களுக்குக் கிழங்கு.

தன் முதுகில் மண் பட்டதே இல்லை என்று சாகும்வரை பீற்றிக்கொண்டான். எண்ணெய்ச் சட்டியோடு களத்தோரம் நின்ற எனக்கே கேட்டது, அவனுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? அவன் பிடியில் கிடந்த கிழட்டு முனியன் அவன் காதோரம் முனகினான்: “சட்டுனு தள்ளி வுடுப்பா, சோறு தீந்துடப் போவுது.”