கேற்றுக்கு ஒன்பது பூச்சு

இறக்கக்கண்டிக் கரையில் கிடக்கும் படகுகளில் அறுபத்திரண்டுக்குப் பெயரும் இலக்கமும் எழுதியவர் முனீப். வயது நாற்பத்து மூன்று. ஓர் இலக்கத்தில்கூடப் பிழை விட்டதில்லை. அப்படிப்பட்டவர் 2024 யூலை 8, திங்கட்கிழமை காலை, மூன்று டின் சிவப்புப் பெயின்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோமசேகரத்தின் பெயின்ற் கடை மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது சிவப்பில்ல. செங்கல்லக் கரைச்சு அடைச்சிருக்கானுகள்."

கடைக்காரருக்கு முந்திய வருடம்தான் கண்புரை வெட்டியிருந்தது. டின்னைப் பார்த்தார், முனீபைப் பார்த்தார். "ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பாரும் தம்பி."

இடது கண்ணைப் பொத்தினால் நல்ல சிவப்பு. வலதைப் பொத்தினால் செங்கல்.

"பெயின்ற் சுத்தம். கலப்படம் உம்மிலதான். ஆஸ்பத்திரிக்குப் போம்."

அங்கே ஸ்கான் படத்தை வைத்துக்கொண்டு டொக்டர் கீர்த்தனி நோயின் பெயரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். "கிருமியை அடிக்கிற உங்கட எதிர்ப்புக் கலங்கள், நரம்பைச் சுத்தியிருக்கிற உறையை எதிரியெண்டு நினைச்சு உரிக்குது."

முனீப் அதைத் தன் தொழிலில் வைத்துப் பார்த்தார். "பழைய பெயின்றச் சுரண்ட விட்ட ஆக்கள் பிழையான படகச் சுரண்டுறாங்க. அப்படித்தானே?"

"ஓம். சுரண்டுறதில முக்கியமான ஆக்கள் ரி எண்ட வகைக் கலங்கள். இதுதான் படகெண்டு காட்டிக் குடுக்கிறதில பி எண்ட வகைக் கலங்களுக்கும் பங்கிருக்கு. அந்தப் பி கலங்களை மருந்து ஏத்திக் குறைக்கப் போறம். இடது கண் கொஞ்சம் திரும்பலாம். வலது கண்ணைக் காப்பாத்தத்தான் அவசரம். ஆனா காய்ச்சல், தும்மல், தடிமன் இருந்தா ஏத்த ஏலாது."

வலது கண்ணும் போனால் படகெழுத்தும் போய்விடும். முனீப் திகதியைக் குறித்துக்கொண்டார்: ஓகஸ்ட் 21.

ஊர் சும்மா இருக்குமா? நோயாளியைப் பார்க்கப் போவது நன்மை. ஓகஸ்ட் நடுவில் ஒரே கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் அந்த நன்மையைத் தேடி வந்தார்கள். எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று தேன், கருஞ்சீரகம், மல்லித்தண்ணீர் எல்லாம் வந்தன.

"மாமி, அந்தச் சக்தி கூடிக் கூத்தாடித்தான் இவருக்கு இந்த வருத்தமே" என்றாள் மனைவி சுஹைரா.

"கூடினா நல்லதுதானே புள்ள" என்று சொல்லி, பக்கத்து வீட்டு நிப்லா மாமி முனீபின் பக்கம் திரும்பித் தும்மினார். மூன்றாம் நாள் முனீபுக்குக் காய்ச்சல் நூற்றொன்று. மருந்து செப்டெம்பர் 4க்குத் தள்ளிப்போனது.

வராதீர்கள் என்று சொல்வது முகத்தில் அடித்த மாதிரி. ஆனால் ஈரப் பெயின்றில் உடுப்பை உரச யாரும் துணிய மாட்டார்கள். ஓகஸ்ட் 26 தொடக்கம் தினமும் காலை ஆறு மணிக்கு முனீப் தன் வீட்டு வாசல் கேற்றுக்குப் பச்சை அடித்தார். வந்தவர்கள் தெருவில் நின்றபடியே சலாம் சொன்னார்கள்.

"இன்னும் காயல்லியா மகன்?" என்று மாமி கேட்டார்.

"இல்ல மாமி."

"இந்த வறண்ட கச்சான் காத்துக்குமா?"

"நல்ல பெயின்ற் மாமி. சுணங்கித்தான் காயும்."

ஆறாம் நாள் படகுக்காரர் முஹம்மது தம்பி சைக்கிளை விட்டு இறங்காமலே கேற்றைக் கண்ணால் அளந்தார். "இது கேற்றா, கப்பலா? கடல்ல இறக்கப் போறியா மச்சான்?"

"நீ தும்மாமப் போனா இறக்காம விடுறன்."

ஒன்பது நாளில் ஒன்பது பூச்சு. ஒருவரும் உள்ளே வரவில்லை.

செப்டெம்பர் 4 காலை ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்த்தார்கள்: 98.4. தாதி ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டினார். இலக்கம் விழவில்லை. அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பத்து விரலும் முடிந்தன. சுஹைரா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்றும் தவறினால்?

"என்ன இது, நகமெல்லாம் பச்சை? கிளிப்புக்கு வெளிச்சம் போகாதே" என்றார் தாதி.

"ஒன்பது நாள் வேல, மிஸ்" என்றார் முனீப்.

தாதி வேறொரு கிளிப்பை எடுத்துக் காதுமடலில் மாட்டினார். தொண்ணூற்றேழு. 10.20க்கு மருந்து சொட்டத் தொடங்கியது.

"ஆறு மாசத்தால அடுத்த மருந்துக்கும் இப்படித்தானா?" என்று சுஹைரா கேட்டாள்.

"அப்ப கேற்றுக்கு என்ன கலரெண்டு மாமியக் கேட்டு வை."

மருந்து 2.35க்கு முடிந்தது. அதுவரை ஊசி ஏறிய கையை முனீப் ஒரு தடவையும் அசைக்கவில்லை.