இருபத்து நான்கு பேர் படித்த பள்ளிக்கூடம்

மலாயாவில் லாபிஸ் என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். நான் படித்தது ஐந்தாவது வரை. பால்வெட்டில் மரத்தைக் காயப்படுத்துகிறேன் என்று புகார் வந்தது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். ஆகவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். மரங்கள் தப்பின.

பள்ளிக்கூடம் என்பது ஆயாக்கொட்டகையில் பாதி. தட்டிக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தைகள் அழும். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் தூங்குவார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இருபது பேருக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். நான் மறுபடியும் கத்தியோடு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்க வேண்டும். வந்தவர்கள் பதினாறு பேர். பதிவேட்டில் இருபத்து நான்கு. மிச்சம் எட்டுப் பேர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆடு மேய்த்துக்கொண்டும் விறகு பொறுக்கிக்கொண்டும் இருந்தார்கள். என் பதிவேட்டில் அவர்களைப்போல் ஒழுங்காக வந்தவர்கள் கிடையாது.

ஒரு நாள் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்ததும் பதிவேட்டைக் கேட்க மறந்துபோனார்.

"மாஸ்டர், பிள்ளையளுக்கு ஏதாவது வேலை குடும். வெளியில போய் எண்ணட்டும், அளக்கட்டும். தாங்களாச் செய்தால்தான் படிப்பு ஏறும்."

லயத்தைக் கணக்கெடுத்து வாருங்கள் என்று அனுப்பினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேர அமைதி. ஆனால் மறுநாள் நான் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தலைவியாகி, சிலேட்டோடு வீடு வீடாக ஏறினாள்.

"கொதிக்கிற கோழியைச் சேர்க்கலாமா வாத்தியாரே?"

"இறகு பிடுங்கியாச்சுன்னா சேர்க்காதே."

ஆட்டுக் கால்களைக் கூட்டுவதற்காகவே நாலாம் வாய்ப்பாட்டை இரண்டு நாளில் மனப்பாடம் செய்தார்கள். இரண்டு வருஷமாக என்னால் முடியாதது அது. கடைசியில் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார்கள். நான் கையெழுத்தை மட்டும் பார்த்தேன். அழகாக இருந்தது. சுவரில் மாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். வீடு, ஆடு, கோழி என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தார். பள்ளிக்கூடம் போகிறவர் பதினாறு, போகாதவர் எட்டு. இந்தத் தடவை மறக்காமல் என் பதிவேட்டைத் திறந்தார்.

"இடாப்பில இருபத்து நாலு எண்டு கிடக்கு." என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பிள்ளை, பிழையா எண்ணிப்போட்டீரோ?"

ஆமாம் என்று சொல்லமாட்டாளா என்று நின்றேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இல்லைங்கய்யா. ரெண்டு தரம் எண்ணினோம். வராதவங்க பேரும் எழுதி வெச்சிருக்கோம்."

இன்னொரு காலண்டர் தாளை நீட்டினாள். என் பதிவேட்டில் இருந்த அதே எட்டுப் பெயர்கள்.

"நான் சொன்ன முறை நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் அவர். "அடுத்த மாசம் வருவன். இதில இருக்கிற பிள்ளையள் வாங்குப் பலகையில இருக்கோணும். இல்லாட்டிப் பள்ளிக்கூடம் இல்லை."

அவர் போனதும் நான்தான் அந்த எட்டு வீடுகளுக்கும் போய்க் கேட்டிருக்க வேண்டும். வாசல் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். பிள்ளைகளே போனார்கள். ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்ட ஒரு தாயிடம் அந்தப் பெண், "ஆட்டையும் ஓட்டிட்டு வரச் சொல்லுங்கக்கா. பள்ளிக்கூடத்துப் பின்னால கட்டிக்கலாம், புல்லு கிடக்கு" என்றாளாம்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வாங்கு வாங்காக எண்ணினார். இருபத்து மூன்று. பின்னால் ஆடுகள் கத்தின.

"மற்றவன் எங்கை?"

"காய்ச்சலுங்க" என்றேன். அது உண்மை. ஆனால் நான் சொன்னதால் அவர் நம்பவில்லை. எந்த வீடு என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து அவரை லயத்துக்கு அழைத்துப் போனாள். பையனின் நெற்றியை அவரே தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, பதிவேட்டில் இருபத்து நான்கு என்ற என் எழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.